குளிப்பாட்டப் பயந்த காலம்

1

கதிர் இப்போது தனியாகக் குளிக்கிறான். ஐந்து வயது முடிந்த கையோடு, "நானே குளிப்பேன், யாரும் வரக்கூடாது" என்று அறிவித்துவிட்டான். கதவைச் சாத்திக்கொண்டு, ஷவரைத் திறந்துவிட்டு, பள்ளியில் கற்ற பாட்டுகளை உரக்கப் பாடுகிறான். இதில் எழுத ஒன்றுமில்லை. என்னை எழுத வைத்தது அவன் அக்கா யாழினி.

அவளுக்கு ஒன்பது வயது ஆகப்போகிறது. தம்பி குளிக்கப் போனதும் இவள் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, குளியலறைக் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும்வரை எழுந்திருப்பதில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. தற்செயலாக உட்கார்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தினமும் நடந்தது.

"ஏன் இங்க உக்காந்திருக்க?" என்று போன மாதம் ஒருநாள் கேட்டேன்.

"சும்மா."

"அவன் பெரியவனாயிட்டான்ல. பாத்துக்குவான்."

யாழினி இப்போதெல்லாம் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். நான் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, எங்கள் வீட்டுப் பேச்சு இரண்டு தண்டவாளமாக ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தமிழில் சொன்னாள்:

"யாராச்சும் இருக்கணும்லம்மா."

நான் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். மூன்றரை வயதில் பார்த்தது எதுவும் அவள் நினைவில் நிற்காது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

ஊருக்கு வரும்போது பலர் கேட்பார்கள், "கொரோனா நேரத்துல மெல்போர்ன்ல ஒங்களுக்கு ஒன்னும் கஷ்டமில்லைல?" என்று. "சமாளிச்சோம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். சமாளிக்கவில்லை. என்ன நடந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

2

யாழினி பிறந்தபோது எங்கள் ஊர் புதுவயலிலிருந்து அம்மா வந்திருந்தாள். வறுத்து இடித்த பிரசவ மருந்து, வசம்பு, சுக்கு, பூண்டு என்று ஒரு பெட்டி நிறைய எடுத்து வந்தாள். விமான நிலையத்தில் பாதியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். "அந்தப் பொண்ணு மோந்து பாத்துட்டு மூஞ்சியச் சுளிக்கிறா. அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், அப்பத் தெரியும்" என்று வீடு வந்து சேரும்வரை காரில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாளே எங்கள் குளியலறையைத் தன் வசமாக்கிக்கொண்டாள். தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் செருகி, இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் குழந்தையைக் குப்புறப் போடுவாள். எண்ணெய் தேய்த்து, சுடுதண்ணீரை ஊற்றி, முதுகையும் தொடையையும் உருவிவிடுவாள். குழந்தை வீறிடும். "அழட்டும். அழுதாத்தான் நெஞ்சு விரியும்" என்பாள். குளித்த பிறகு யாழினி நான்கு மணி நேரம் கூடத் தூங்குவாள். அந்த நேரத்தில் நானும் தூங்குவேன்.

நான் எப்போதும் கதவருகே நின்று பார்ப்பேன்.

"எனக்கும் கத்துக் குடும்மா."

"அடுத்த பிள்ளைக்கும் நாந்தான வரப்போறேன். நீ கத்து என்ன செய்யப்போற? போய்ப் படு."

3

அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது விமானங்கள் நின்றன. அம்மாவுக்கு விசா வந்திருந்தது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. நெருங்கிய குடும்பத்தார் சிறப்பு அனுமதி வாங்கி வரலாம் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும்தான் நெருங்கிய குடும்பம். பெற்றவர்கள் அதில் சேர்த்தி இல்லை.

சரியாகப் படிக்கவில்லையோ என்று குடிவரவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வெகுநேரம் இசையைக் கேட்க வைத்தபின் ஒருவர் எடுத்தார். தன்மையாகத்தான் பேசினார்.

"அவர் என் அம்மா" என்றேன்.

"புரிகிறது. ஆனால் அவர் அந்தப் பிரிவில் வரமாட்டார்."

அன்று அம்மாவிடம் சொன்னேன். "நீ என் நெருங்குன சொந்தம் இல்லையாம்மா."

"அப்ப யாராம்?"

"புருஷனும் பிள்ளைகளும்."

"மருந்து இடிச்சு வச்சுட்டேனே" என்றாள் அம்மா.

கதிர் குளிர்காலத்தில் பிறந்தான். பிரசவத்தின்போது என் கணவர் குமாரை உள்ளே விட்டார்கள், பிறந்து சிறிது நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் நானும் குழந்தையோடு வீடு வந்தேன். அதற்குள் நகரம் மறுபடியும் பூட்டப்பட்டிருந்தது. யாழினி போய்க்கொண்டிருந்த குழந்தைகள் காப்பகமும் மூடிவிட்டது. வெளியே போய் வேலை பார்த்தே ஆகவேண்டியவர்களின் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குமார் அப்படிப்பட்டவர்தான். உணவுப் பொருள்கள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வையாளர். ஊரே கடைகளைத் துடைத்து வாங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கு ஓய்வே இல்லை. ஆனால் காப்பகத்துக்கு அது போதவில்லை. "தாய் வீட்டில்தானே இருக்கிறார்" என்றார்கள்.

ஆமாம், நான் வீட்டில்தான் இருந்தேன். அறுவை செய்த வயிறும், பால் கட்டிய மார்பும், கைக்குழந்தையும், நாள் முழுக்க "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்கும் மூன்றரை வயதும் என்னோடு இருந்தன. மாமியார் திருப்பத்தூரில் இருந்தார். தோழிகளெல்லாம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக் கூடாத நேரம். ஒருத்தி ரசமும் சோறும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, தெருவில் நின்று கையசைத்துப் போனாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையசைத்தேன். அவள் போனபிறகு கதவைத் திறந்து அந்தப் பாத்திரத்தை எடுக்கத் தோன்றவில்லை. குமார் வந்து எடுத்தார்.

4

முதலில் தூக்கம் போனது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. அவன் அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஹீட்டர் ஓடும் சத்தத்துக்குள், வாஷிங் மெஷினுக்குள், குழாய்த் தண்ணீருக்குள் எங்கோ அழுதுகொண்டிருப்பான். ஓடிப் போய்ப் பார்த்தால் அசையாமல் தூங்குவான்.

"தம்பி அழுகுறானா?" என்று யாழினியிடம் கேட்பேன்.

"இல்லம்மா. தூங்குறான்."

சற்று நேரம் கழித்து மறுபடி கேட்பேன். அவள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அதே பதிலைச் சொல்வாள்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் ராக்கு நினைவுக்கு வந்தாள். புதுவயலில் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருந்தவள். அவள் புருஷன் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். நான் காரைக்குடியில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததிலிருந்து அவள் அதைத் தூக்கவில்லை. காத்து கருப்பு அடித்துவிட்டது என்று எங்கெங்கோ கூட்டிப் போய்த் திருநீறு போட்டார்கள். பிள்ளையைத் தூக்காதவள் என்பதே தெருவில் அவள் பெயராகிவிட்டது. நான் பஸ்ஸுக்குப் போகும்போது அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, மெதுவான குரலில் கேட்டாள்:

"அது அழுகுறது ஒனக்குக் கேக்குதாத்தா?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. குழந்தை உள்ளே மாமியார் மடியில் சிரித்துக்கொண்டிருந்தது. நான் பயந்து ஓடிவிட்டேன். கொஞ்ச நாளில் அவளைப் பிறந்த ஊருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். குழந்தை இங்கேயே வளர்ந்தது. அவள் என்ன ஆனாள் என்று யாரும் பேசவில்லை.

எத்தனையோ வருடம் கழித்து, கடல் தாண்டி, என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தலை வாராத, கண்ணுக்குக் கீழே கறுத்த, எதையோ உற்றுக் கேட்கிற முகம்.

அதற்குப் பின் தண்ணீர் வந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பும்போதெல்லாம் ஒரு காட்சி கண் முன்னால் வந்து நிற்கும். நான் அதை நினைக்கவில்லை, விரும்பவில்லை. அது தானாக வரும். அதில் என் கைகள் இருக்கும், அவன் இருப்பான். அவ்வளவுதான் என்னால் எழுத முடியும். இப்படி ஒரு காட்சி வருகிற தாய்க்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பேய் என்பது தவிர வேறு சொல் கிடைக்கவில்லை.

குளிப்பாட்டுவதை நிறுத்தினேன். ஈரத்துணியால் துடைத்து, பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டிவிடுவேன். குமார் வேலையிலிருந்து வந்து அவனை முகர்ந்து, "குளிச்சாச்சா பெரிய மனுசன்?" என்பார். "ஆச்சு" என்பேன். யாழினி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவள் ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

அம்மா தினமும் வீடியோவில் வந்தாள். நான் போனைக் குழந்தைக்கு நேராகப் பிடித்து அவனை மட்டும் காட்டுவேன். "ஒன் மூஞ்சியக் காட்டு" என்றால், "தலை சீவலம்மா" என்பேன். "நல்லா இருக்கியாத்தா?" என்பாள். "நல்லா இருக்கேம்மா."

5

ஒரு மதியம், இன்றைக்கு எப்படியாவது குளிப்பாட்டிவிடுவது என்று துணிந்தேன். அவன் கழுத்து மடிப்பில் புண் வந்திருந்தது. சின்னத் தொட்டியைக் குளியலறைத் தரையில் வைத்துத் தண்ணீரை நிரப்பினேன். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். அவன் சட்டையைக் கழற்றினேன். அவனைத் தூக்கியதும் அந்தக் காட்சி வந்தது. இந்தமுறை அது போகவில்லை.

அவனைத் துண்டோடு சுருட்டி வெளியே கூடத்துத் தரையில் வைத்தேன். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவனிடமிருந்து என்னைப் பிரித்துவைக்க அந்த ஒரு கதவுதான் இருந்தது. தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, ஈரத்தரையில் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டேன். அவன் அழுதான். இது நிஜ அழுகை. இந்தப் பிள்ளைகளுக்கு நான் இல்லாமலிருந்தால்தான் நல்லது என்று அப்போது எனக்கு மிகத் தெளிவாகத் தோன்றியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுகை தேய்ந்து, வேறொரு குரல் கேட்டது. யாழினி. காப்பகத்தில் டீச்சர்கள் அழும் பிள்ளைகளிடம் சொல்வதை அதே ராகத்தில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, நான் இங்கேதான் இருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். அவள் தம்பிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். தன் போர்வையைக் கொண்டுவந்து அவனுக்குப் போர்த்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை. கையை அவன் வயிற்றிலிருந்து எடுக்காமல், இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து நான் அவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனால் அவளும் வந்து கதவில் நிற்பாள். கதவைச் சத்தமாகச் சாத்தினாலும் அழுவாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

6

சில நாட்களில், ஒரு காலை, குமார் வேலைக்குக் கிளம்பவில்லை.

"லீவு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். பிள்ளையோட இருக்கலாம்னு."

அன்று முழுக்க அவர் கதிரைக் கீழே விடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கி, காலைத் திருப்பிப் பார்த்தார். கழுத்துப் புண்ணை விரலால் தடவினார். நான் அவனை என்ன செய்திருக்கிறேன் என்று தேடுகிறார் எனத் தோன்றியது. எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவர் தேடுவது நல்லது என்றுதான் இருந்தது.

மறுநாள் போனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். தாய்சேய் நல நர்ஸ். வீட்டுக்கு வந்து பார்ப்பதெல்லாம் அப்போது நின்றிருந்தது, போனில்தான் கேட்பார்கள். முன்பும் இரண்டு முறை கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் நல்ல பதில்களைச் சொல்லி முடித்திருந்தேன். அந்த மொழியில் நான் நன்றாக இருப்பதாகச் சொல்வது சுலபம். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் தினமும் சொல்லிப் பழகியது.

இந்தமுறை நர்ஸோடு இன்னொரு குரலும் இருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும், எதுக்கு இது?" என்று குமாரிடம் கிசுகிசுத்தேன்.

"தமிழ் வேணுமான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். பேசு."

வயதான பெண் குரல். யாழ்ப்பாணத்துத் தமிழ். "வணக்கம் பிள்ளை. நேர்ஸ் சொல்லுறதை நான் அப்பிடியே சொல்லுவன். நீங்கள் சொல்லுறதையும் அப்பிடியே சொல்லுவன். ஒண்டும் கூட்டமாட்டன், குறைக்கமாட்டன்."

நர்ஸ் கேட்டார். அவர் தமிழில் சொன்னார்: "பிள்ளையோட தனிய இருக்கேக்க பயமா இருக்கோ எண்டு கேக்கிறா."

'இல்லை' என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கேள்வி தமிழில், ஒரு பெண்ணின் குரலில், 'பிள்ளை' என்ற சொல்லோடு வந்திருந்தது. வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"அவன் பக்கத்துல நான் இருக்கிறதுதான் எனக்குப் பயம். என்னக் கண்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு. அவனக் குளிப்பாட்ட முடியல. நான் இல்லாட்டி நல்லாருக்கும்னு தோணுது."

மொழிபெயர்ப்பவர்கள், பேசியவர் சொன்னதை 'நான்' என்றே சொல்ல வேண்டுமாம். அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்: எனக்கு என்னைக் கண்டால் பயமாக இருக்கிறது. என்னால் என் மகனைக் குளிப்பாட்ட முடியவில்லை. நான் இல்லாவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. கடைசி வரியில் அவர் குரல் உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். நான் சொல்லும்போது அழவில்லை. முகம் தெரியாத இன்னொருத்தி 'நான்' என்று சொல்லக் கேட்டபோதுதான் அழுதேன்.

நர்ஸ் நிதானமாகப் பேசினார். இது ஒரு நோய், பல தாய்மார்களுக்கு வருவது, மருந்து உண்டு, நீ கெட்டவள் இல்லை. ஒவ்வொன்றையும் அந்தக் குரல் தமிழில் எடுத்து வைத்தது.

"டொக்டரை இப்பவே எடுத்துத் தாறாவாம். அதுவரைக்கும் லைனை வைக்காமல் இருக்கட்டாம்." பிறகு மெல்லச் சேர்த்தார்: "நானும் இருக்கிறன் பிள்ளை."

அந்தக் கடைசி வாக்கியம் நர்ஸ் சொன்னதில்லை.

7

டாக்டர், மாத்திரைகள், வாரா வாரம் ஒரு பெண்ணோடு திரையில் பேச்சு என்று மாதங்கள் போயின. ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. ஆபத்தில் இருக்கும் குடும்பம் என்று எங்களை நர்ஸ் எழுதிக் கொடுத்ததும் காப்பகம் யாழினியை உடனே எடுத்துக்கொண்டது. தாய் வீட்டில் இருக்கிறாள் என்றபோது திறக்காத கதவு, அந்தத் தாய் சரியில்லை என்றதும் திறந்தது. அதற்காக நான் யாரையும் திட்டவில்லை. திறந்ததே என்று இருந்தது.

கதிரைக் குமார்தான் குளிப்பாட்டினார். அம்மா செய்ததைப் பார்த்திருக்கிறார் போலும். பேண்ட்டை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, மகனை அதன்மேல் போட்டுக்கொண்டு, "பிடிச்சது சரியா? வழுக்குதே" என்று என்னைக் கேட்டுக் கேட்டு ஊற்றினார். நான் கதவில் நின்றேன். என் முன்னால் யாழினி நின்றாள். பல வாரங்கள் கழித்து நான் உள்ளே போய்ச் செம்பை வாங்கினேன்.

அம்மா வந்து சேர்ந்தபோது கதிருக்கு நடக்கத் தெரிந்துவிட்டது. அவளைப் பார்த்ததும் என் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். அவளுக்கு அவன் போனுக்குள் கண்ட பிள்ளை, அவனுக்கு அவள் போனுக்குள் இருந்த முகம். அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. உடம்புக்கு முடியாமலிருந்தது என்றேன். அவளும் கேட்கவில்லை.

யாழினியிடம் போன மாதம்தான் பேசினேன். எனக்கு அப்போது ஒரு நோய், அதற்கு மருந்து சாப்பிட்டேன், இப்போது சரியாகிவிட்டது, இனி நீ கதவில் நிற்க வேண்டாம் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"நான் தம்பிக்காக மட்டும் நிக்கல" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "உள்ள போய்ப் பூட்டிக்கிட்டது நீதான். நீ திரும்ப வரமாட்டியோன்னு நெனச்சேன்."

8

பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். யாழினி சொன்னதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டே வந்தேன். புதுவயலில் எல்லாம் இருந்தபடி இருந்தது. அவித்த நெல் வாசனை, நெல் லாரிகள், கொடியில் காயும் வெள்ளைத் துணியில் வந்து விழும் மில் சாம்பல். பிள்ளைகள் இருவரையும் என் தம்பி வலையபட்டியில் பழைய செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைக் காட்டக் கூட்டிப் போயிருந்தான். மதியச் சாப்பாடு முடிந்து கொல்லைப் பக்கம் அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். குமாரும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கதிர் எப்படி வளர்ந்துவிட்டான் என்று பேச்சு போனது.

"அன்னைக்கு நீங்க மட்டும் போன் பண்ணலைன்னா என்ன ஆயிருக்குமோ அத்தை" என்றார் குமார்.

"அதெல்லாம் எதுக்கு மாப்ள இப்ப" என்றாள் அம்மா.

"என்ன போன்?" என்று கேட்டேன்.

குமார் அம்மாவைப் பார்த்தார். நான் விடவில்லை. அம்மா புளியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நீ வீடியோவுல பிள்ளையத்தான் காட்டுவ. அவனத் தூக்கிப் பிடிக்கிற ஒன் கை மட்டும் தெரியும். நான் அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சோப்புப் போட்டாத்தான் கழலும் ஒன் வளையலு. அது முழங்கைக்கு ஓடிப்போயிட்டு ஓடி வருது."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லம்மா."

"கேட்டேனே, தினமும். நல்லா இருக்கேம்ப. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க? கெளம்பி வரவும் விடமாட்டேங்குறாக. அதான் இவுகளக் கூப்பிட்டேன். ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னும் சொன்னேன்."

என் அம்மா மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசவே கூச்சப்படுகிறவள். எது வேண்டுமானாலும் என் மூலமாகத்தான் சொல்வாள்.

"ஒத்த வார்த்தைதான் சொன்னாக" என்றார் குமார் என்னிடம். "'பிள்ளையத் தனியா விட்டுட்டுப் போகாதீக மாப்ள'ன்னாக. போன வச்சுட்டாக. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கதிருக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு பயந்து, அன்னைக்கே லீவு போட்டேன்."

அம்மாவின் கை நின்றது.

"கதிருக்கா?"

"ஆமா அத்தை. பிள்ளையன்னு நீங்கதான சொன்னீக."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அவனச் சொல்லல மாப்ள. எம்பிள்ளையச் சொன்னேன்."

குமார் என் பக்கம் திரும்பினார். தலையைக் குனிந்துகொண்டார். சுவருக்கு அப்பால் மில்லுக்குள் லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. யாரோ அங்குட்டு, இங்குட்டு என்று ஓட்டுநருக்கு வழி சொன்னார்கள். அம்மா புளி ஒட்டியிருந்த கையால் என் கையைப் பிடித்து இழுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் எடுக்கவில்லை.